பாலத்துக்குக் கீழே ஊர் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

மும்பையில் விரார் வண்டி பாயந்தரைத் தாண்டியதும் வாசலோரம் நிற்பவர்களில் சிலர் பையைத் துழாவுவார்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிய வாடிய மாலை, வெற்றிலை, சில சமயம் முழுத் தேங்காய். பாலம் வந்ததும் ஒரே வீச்சு, பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு கும்பிடு. கீழே தண்ணீர்தானே என்ற நினைப்பு. இந்தப் பழக்கத்தைக் கண்டித்தே எழுதுகிறேன்.

உல்ஹாஸ் ஆறு சால்செட் தீவின் வடகிழக்கில் பிரிந்து, ஒரு கிளை தாணே கழிமுகத்துக்கும், பெரிய கிளை வசாய் கழிமுகம் வழியாகக் கடலுக்கும் போகிறது. அந்த வசாய் கழிமுகத்தின் நடுவே, பாயந்தருக்கும் நைகாவுக்கும் இடையில் இருக்கிறது பாண்ஜு தீவு. தெற்கே ஒரு பாலம், வடக்கே ஒரு பாலம். வண்டி தீவைக் கடந்துதான் போகிறது, ஆனால் நிற்காது. அங்கே வாழும் சில நூறு குடும்பங்களுக்குப் படகு. படகு இல்லையென்றால் ரயில் பாலத்தை ஒட்டிய குறுகலான பாதை.

2025 செப்டம்பரில், நவராத்திரி நாளில், வண்டியிலிருந்து எறிந்த தேங்காய் பட்டு, பாலத்தில் நடந்துபோன தீவு இளைஞர் ஒருவர் இறந்துபோனார். “ரயில் பாலத்துல அவன் ஏன் நடந்தான்?” என்று வண்டியிலேயே கேட்டார்கள். சட்டம் பேசினால் 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு இருக்கிறது: அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, படகும் இல்லையென்றால் தீவுக்காரர்கள் வேறெங்கே நடப்பார்கள்? எறிந்தவனை விட்டுவிட்டு நடந்தவனைக் கேட்பது என்ன நியாயம்?

மனிதருக்கே இந்தக் கதி என்றால் மற்ற உயிர்களை யார் நினைக்கப் போகிறார்கள்! கடல் வாங்கியிருக்கும் நேரத்தில் கரையோரம் பாருங்கள். அலையாத்தி மரங்களின் அடியில், சேற்றுக்கு மேலே விரல் உயரத்துக்கு வேர்நுனிகள் குத்திட்டு நிற்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது. மரம் மூச்சு விடுவது அந்த நுனிகளால்தான். நம் மாலைப் பை அதில்தான் போய்ச் சுற்றிக்கொள்கிறது. அடுத்த ஏற்றத்திலும் சுலபத்தில் கழலாது. அந்த வேர்களுக்கு நடுவில் ஒரு கை மட்டும் பெருத்த நண்டு வளை தோண்டும். கோலி மீனவப் பெண்கள் ‘நிவ்டி’ என்று விற்கும் சேற்று மீன் துடுப்பை ஊன்றித் தத்தும். உள்ளானும் கொக்கும் மேயும். இறால் குஞ்சு வளர்வதும் இங்கேதான். அலையாத்திக் காட்டை அழிப்பது வாழ்வுரிமையையே மீறுவது என்று 2018-இல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது கட்டடக்காரர்களுக்கு மட்டும் சொன்னதாக நாம் எடுத்துக்கொண்டோம். 2005 ஜூலை 26 அன்று மித்தி ஆறு பொங்கியதைப் பார்த்த தாராவிக்காரர்களுக்கு, கழிமுகத்தை அடைத்தால் என்ன ஆகும் என்று தெரியாதா?

மராட்டியர், குஜராத்தி என்று கைகாட்டி நாம் ஒதுங்கவும் முடியாது. தாராவியிலிருந்து நைகாவுக்கும் நாலாசோபாராவுக்கும் குடிபோன நம் தமிழர்களும் எறியத்தான் செய்கிறார்கள். பூசையில் கழிந்த மாலையை, அதாவது நிர்மால்யத்தை, தண்ணீரில் விட வேண்டுமாம். திருநெல்வேலியில் தாமிரபரணிப் படித்துறையில் இறங்கி, குனிந்து விட்டவர்கள்தானே நம் பெரியவர்கள்? ஓடுகிற வண்டியிலிருந்து வீசச் சொல்லி எந்தச் சாஸ்திரம் சொன்னது? மாலையைப் பூந்தொட்டியில் போடலாம். தேங்காய் சட்னிக்கு ஆகும்.

பாலத்தில் நடப்பவர்களைக் காக்க ரயில்வே உடனே வலை கட்டட்டும். எறிபவரிடம் அபராதம் வாங்கட்டும். 2024 முதல் வசாய்க்கும் பாயந்தருக்கும் இடையே கார் ஏற்றும் ரோ-ரோ படகு ஓடுகிறது. கார் கடக்க வழிசெய்த அதே கழிமுகத்தில், பாண்ஜுக்காரர் ராத்திரியில் கடக்க ஒரு படகு விட அரசுக்கு மனமில்லையா? மாநகராட்சி, சிலைகளைக் கரைக்கும் விசர்ஜன இடங்களில் வைக்கும் நிர்மால்ய கலசம் போல, தாராவி, மாட்டுங்கா, செம்பூர்க் கோயில்களின் வாசலில் ஒன்று வைக்கத் தமிழ்ச் சங்கங்கள் முன்வரலாம். அடுத்த நவராத்திரிக்கு முன் தங்கள் இதழின் முதல் பக்கத்தில், வண்டியிலிருந்து எதையும் எறியாதீர்கள் என்பதை ஓர் அறிவிப்பாகவே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாராவி வாசகர்,
மும்பை 400017