பாலூட்ட உடுப்பும் வேண்டும், நேரமும் வேண்டும்

பிள்ளைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறார்கள் மருத்துவர்கள். பிரசவ விடுப்போ 84 நாள்தான். அதில் பாதிகூட இல்லை. மீதி நாளை நம் தாய்மார் கொழுந்து மலையில் நின்றபடிதான் சமாளிக்கிறார்கள்.

முன்பக்கம் கொக்கி வைத்த, இறுக்காத பருத்திச் சட்டையே வசதி. இறுக்கமான உள்ளாடை பால் கட்டவைக்கும். பால் கசிந்தால் மாற்ற, மெல்லிய துணி இரண்டு கூடவே இருக்கட்டும். படங்கையும் மருந்து பட்ட மேலுடுப்பையும் கழற்றி, கைகழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குவோம். உன்னிச்சை வெயிலில் வயல் வேலை செய்யும் தாய்மாருக்கும் பருத்திதான் நல்லது.

ஆனால் நேரம் கிடைக்காவிட்டால் எந்தச் சட்டையாலும் பயனில்லை. பால் வற்றும், பால்மா டின் கடன் ஏறும். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் தலா 30 நிமிடம். இல்லாவிட்டால் தலா ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது.

இது சலுகையல்ல, உரிமை. கொழுந்து நிறை குறைந்தது என்று யாராவது இதைத் தடுத்தால், தாய்மாரே, அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். கேட்பதற்குச் சங்கம் இருக்கிறது.