தாய்ப்பாலூட்டலில் நாடு முதலிடம். தாய் சாய்ந்துகொள்ள இடம் உண்டா?

ஓகஸ்ட் மாதத்தின் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். அந்த வாரம் வந்தால் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள ஒரு செய்தி இருக்கிறது. தாய்ப்பாலூட்டல் தொடர்பான கொள்கைகளையும் திட்டங்களையும் நாடு நாடாக அளவிடும் சர்வதேச மதிப்பீட்டில் 2020ஆம் ஆண்டு இலங்கை 100க்கு 91 புள்ளிகள் பெற்று முதலிடத்துக்கு வந்தது. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்பட்டுள்ளது. வீடு வீடாக ஏறி இறங்கும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பு இதில் பெரிது.

ஆனால் இந்தப் புள்ளிகள் பிள்ளை பெற்ற வீட்டின் அறைக்குள் நடப்பதை முழுமையாகக் காட்டுவதில்லை. பொரளை காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலிருந்து குழந்தையோடு வரும் ஒரு தாய், இரண்டு அறைகள் கொண்ட தொடர்மாடி வீட்டுக்குத்தான் போகிறாள். பார்க்க வருபவர்கள் நிறைந்திருப்பார்கள். அவள் கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, பிறகு பிள்ளையின் பக்கம் குனிந்து பால் கொடுப்பாள். முதுகு வலிக்கும், முலைக்காம்பு புண்ணாகும், பிள்ளை அழும். "பால் போதாது போல" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அடுத்தது போத்தல்தான்.

என் மூத்த பிள்ளைக்கு நடந்ததும் இதுதான். வகுப்பில் சுகாதாரப் பாடம் படிப்பித்த எனக்கே, சாய்ந்துகொண்டும் பால் கொடுக்கலாம் என்று தெரிந்திருக்கவில்லை.

சுசான் கோல்சன் என்ற மருத்துவ மாது இதை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார். தாய் பாதி சாய்ந்த நிலையில் இருக்கும்போது, பால் தேடிக் குடிப்பதற்காகக் குழந்தைக்குப் பிறவியிலேயே உள்ள அனிச்சைச் செயல்கள் நன்றாக வேலை செய்கின்றன என்பது அவரது முடிவு.

முறை எளிது. முற்றாகப் படுக்காமல், தலை, தோள், இடுப்பு மூன்றுக்கும் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ள வேண்டும். பிள்ளையின் வயிறு தாயின் உடலோடு ஒட்டும்படி நெஞ்சின் மேல் குப்புற வைக்க வேண்டும். பிள்ளையின் பாரத்தைத் தாயின் உடம்பே தாங்குவதால் கைக்கும் முதுகுக்கும் ஓய்வு கிடைக்கும். தலையை அழுத்திப் பிடிக்காமல் விட்டால், பிள்ளை தானாகவே மார்பைத் தேடிப் பிடிக்கும். சத்திரசிகிச்சை செய்தவர்கள், கால் காயத்தில் படாதபடி பிள்ளையைக் குறுக்காக வைக்கலாம். மூக்கு மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் வந்தால் பிள்ளையை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்; சோபாவில் பிள்ளையோடு தூங்குவது ஆபத்து. வலி நீடித்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள்.

இதற்குத் தேவை நாலு தலையணையும் கதவு சாத்திய ஓர் அறையும் கொஞ்ச நேரமும்தான். அதைத்தான் நம் வீடுகள் கொடுப்பதில்லை. சூரா அல்பகராவின் 233ஆம் வசனம் இரண்டு வருடப் பாலூட்டலைப் பற்றிப் பேசுகிறது. அதே வசனம், தாயின் உணவையும் உடையையும் தகப்பனின் பொறுப்பாக்குகிறது. முதல் பாதியைத் தாய்க்கு ஞாபகப்படுத்துகிற நாம், அடுத்த பாதியை வாப்பாமாருக்குச் சொல்கிறோமா? வருகிறவர்களைச் சற்று நேரம் முன்னறையில் இருத்தி வைப்பதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்ததுதான்.

வேலைக்குப் போகும் தாய்மாரின் நிலையும் இப்படித்தான். 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின், தனியார் துறையிலும் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை, ஒன்பது மணி நேர வேலையில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளும் உண்டு. பிள்ளை பராமரிப்பு நிலையம் இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். நம்மவர்கள் நடத்தும் கடைகளிலும் அலுவலகங்களிலும் எத்தனை முதலாளிமாருக்கு இது தெரியும்? கேட்கத் தயங்கி எத்தனை பெண்கள் வேலையை விட்டிருப்பார்கள்?

சட்டத்தை முதலாளி மதிக்கட்டும். வீட்டில் அந்த அறைக் கதவை நாம் சாத்திக் கொடுப்போம்.