அவசரத்துக்கு ஓடினால் மட்டும் போதாது, நாட்காட்டி பார்த்தும் இரத்தம் கொடுப்போம்





நமது நாட்டின் இரத்தமாற்று மருத்துவ நிபுணர்கள் வருடா வருடம் ஒன்றுகூடி தங்கள் கல்வி மாநாட்டை நடத்துகிறார்கள். விளக்கேற்றும் படமும் பிரதம அதிதியின் பெயரும் பத்திரிகையில் வரும். அத்தோடு நமக்கு அந்தச் செய்தி முடிந்துவிடும். டொக்டர்மார் கூடிப் பேசுகிறார்கள், நமக்கென்ன என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் இந்தத் துறையினர் கூடுமிடத்தில் பேசப்படுவதெல்லாம் நம்மைப் பற்றித்தான். இரத்தத்தை எப்படித் தட்டுப்பாடில்லாமல் வைத்திருப்பது, யாருக்கு ஏற்ற வேண்டும், யாருக்கு ஏற்றத் தேவையில்லை, கொடுப்பவரும் பெறுபவரும் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்பவைதான் அங்கே விடயம். அதில் பாதி வைத்தியர்கள் கையில் இருக்கிறது. மீதி ஊர்மக்கள் கையில் இருக்கிறது. அந்த மீதியைப் பற்றி ஆசிரியர்களாக எங்களுக்குப் பட்டதை எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நமது நல்ல பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். வட்ஸ்அப்பில் "அவசரம், ஓ நெகடிவ் தேவை" என்று ஒரு செய்தி விழுந்தால் நமது இளைஞர்கள் சுபஹுக்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாருடைய பிள்ளை, எந்த ஊர், எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று குண்டுவெடிப்புகள் நடந்தபோது நாரஹேன்பிட்ட இரத்த வங்கியில் எல்லா இன மக்களும் வரிசையில் நின்றதை நாடே பார்த்தது.

ஆனால் அந்த நாளையே ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். சேமித்து வைக்கும் சிவப்பணுக்களின் ஆயுள் 35 முதல் 42 நாட்கள். ஆக ஏப்ரல் 21 இல் எடுத்த இரத்தம் எப்படிப் பார்த்தாலும் ஜூன் மாத ஆரம்பத்தோடு காலாவதியாகிவிடும். அதே நேரம் ஒருமுறை கொடுத்தவர் நான்கு மாதம் செல்லாமல் மீண்டும் கொடுக்க முடியாது. அன்று வரிசையில் நின்றவர்கள் ஆகஸ்ட் 21 வரை காத்திருக்க வேண்டியவர்கள். இடையில் ஜூன், ஜூலை மாதங்களில் விபத்தில் அடிபட்டவருக்கும் பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்ட தாய்க்கும் யார் கொடுப்பது? அன்று வரிசையில் நிற்காத வேறு ஆட்கள்தான் கொடுத்திருக்க வேண்டும். பிளேட்லெட்டின் ஆயுளோ வெறும் ஐந்து நாள். இரத்தம் என்பது மூடையில் கட்டி வைக்கும் அரிசியைப் போன்றதல்ல, அன்றாடம் கறக்கும் பாலைப் போன்றது. ஒரே நாளில் ஊரே கொண்டுவந்து கொட்டினால் கொஞ்சம் வீணாகும், பிறகு இல்லாமல் போகும்.

மாதம் தவறாமல் இரத்தம் தேவைப்படும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். தலசீமியா நோயின் கடும் வகையுள்ள பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது 13 தடவை, கூடினால் 17 தடவை. குருநாகல் வைத்தியசாலையில் இதற்கென்றே தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. அங்கே மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போகும் உம்மாமாருக்கு "அவசரம்" என்று வட்ஸ்அப்பில் போட ஒன்றுமில்லை. அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் அவசரம்தான். நாம் உணர்ச்சிவசப்படும் நாளுக்காக அந்தப் பிள்ளையின் உடம்பு காத்திருக்காது.

நமது நாடு இந்த விடயத்தில் தலைநிமிர்ந்து நிற்கும் நாடு. பணம் கொடுத்து இரத்தம் வாங்குவதும், "நீ ஆள் கொண்டுவந்தால்தான் உன் நோயாளிக்கு இரத்தம்" என்பதும் பல நாடுகளில் இன்றும் நடக்கிறது. இலங்கையில் 2014 ஆம் ஆண்டிலிருந்து முழுக்க முழுக்கச் சுயவிருப்பில், கூலி வாங்காமல் கொடுப்பவர்களின் இரத்தமே சேகரிக்கப்படுகிறது. அதே ஆண்டு ஜூன் 14 இல் உலக இரத்த தானதாரர் தினத்தை ஏற்று நடத்திய நாடும் நாம்தான். வருடத்துக்கு நான்கு இலட்சத்துக்கும் அதிகமான பொதிகள் இப்படிச் சேர்கின்றன. பெரும்பாலானவை பன்சலைகளிலும் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் நடக்கும் நடமாடும் முகாம்களிலிருந்து வருகின்றன. முகாம் வைக்கும் ஊர்கள் இருப்பதால்தான் இந்த அமைப்பு ஓடுகிறது.

இங்கேதான் நமது பிரதான கருத்துக்கு வருகிறோம். வருடத்தில் சில காலங்களில் முகாம்கள் குறைந்துவிடும். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு மக்கள் ஊர்களுக்குப் போய்விடுவார்கள். டிசம்பரில் நத்தாரும் பாடசாலை விடுமுறையும். அந்த நாட்களில்தான் வீதி விபத்துகளும் கூடும். நமக்கோ ரமழானில் பகல் நேர முகாம் வைக்க முடியாது. நோன்பாளியிடம் இரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையில் கருத்து வேறுபாடு உண்டு, அதை உலமாக்களிடம் கேளுங்கள். உடம்பைப் பொறுத்தவரை, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காதவர் 450 மில்லி லீற்றர் இரத்தம் கொடுத்தால் தலைசுற்றி விழலாம்.

ரமழானில் நாம் விட்ட இடத்தை நிரப்புவது யார்? சிங்களச் சகோதரர்களும் தமிழ்ச் சகோதரர்களும்தான். நோன்பு காலத்தில் நமது வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தால் அவருக்கு ஏறும் இரத்தம் பெரும்பாலும் அவர்கள் கொடுத்தது. பொதியில் பெயர் இருக்காது, ஆகவே நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். அப்படியானால் ஏப்ரலிலும் டிசம்பரிலும் அவர்கள் பெருநாள் கொண்டாடும்போது அந்த இடத்தை நிரப்புவது நமது பங்கு. பல மதங்கள் உள்ள நாட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் பெருநாள் வராமல் இருப்பது இரத்த வங்கிக்கு ஒரு பாக்கியம். அதை நாம் திட்டமிட்டுப் பயன்படுத்துவதில்லை என்பதே எங்கள் ஆதங்கம். நமது முகாம்கள் ஒரு சங்கத்தின் ஆண்டு நிறைவு, ஒரு பிரமுகரின் வருகை, பெனர் அச்சடிக்க வசதியான திகதி என்று அமைகின்றன. இரத்த வங்கிக்கு எந்த வாரம் தேவை என்று முதலில் கேட்டுவிட்டுத் திகதி குறிக்கும் ஊர்கள் மிகக் குறைவு.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் இளைஞர் கழகங்களிடமும் நாங்கள் முன்வைப்பது இவைதான்:

1. ஊரில் கொடுக்கக்கூடியவர்களை இரண்டு அணியாகப் பிரிப்போம். முதல் அணி ஷஃபான் மாதத்தின் கடைசிப் பத்தில் கொடுக்கட்டும். அந்தச் சிவப்பணுக்கள் ரமழான் முழுவதற்கும் தாங்கும். இரண்டாவது அணி ஏப்ரல் விடுமுறையில் கொடுக்கட்டும். டிசம்பருக்குள் இரண்டு அணிக்கும் நான்கு மாத இடைவெளி தாராளமாகக் கிடைத்துவிடும்.

2. பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் நில்லாது. ஆகவே ரமழானில் தராவீஹுக்குப் பிறகு, நன்றாகத் தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, இரவில் சிறு முகாம் வைக்க முடியுமா என்று அருகிலுள்ள வைத்தியசாலையின் இரத்த வங்கியிடம் கேட்போம். அவர்கள் முடியும் என்றால் செய்வோம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்.

3. எத்தனை பேர் வேண்டும் என்று அவர்கள் சொல்லும் எண்ணிக்கையோடு நிறுத்துவோம். "முந்நூறு பேர் கொடுத்தோம்" என்று பெயரெடுக்கும் போட்டி வேண்டாம்.

4. முகாமில் வைத்தியர் கேள்வி கேட்கும் இடத்துக்குத் திரை போடுவோம். இது சின்ன விடயமல்ல. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பொதியும் பரிசோதிக்கப்படுகிறது. ஆனாலும் தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அந்த இடைவெளியை அடைப்பது கொடுப்பவரின் உண்மையான பதில் மட்டும்தான். பள்ளி மண்டபத்தில், பக்கத்தில் மாமாவும் மச்சானும் நிற்கும்போது, தனிப்பட்ட வாழ்க்கை பற்றிய கேள்விக்கு ஓர் இளைஞன் எப்படி உண்மை சொல்வான்? கொடுக்காமல் திரும்பி வருபவரை "ஏன், உனக்கு என்ன?" என்று ஒருவரும் கேட்கக் கூடாது. நிறை குறைவாக இருக்கலாம், மருந்து குடிப்பவராக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அது அவருக்கும் வைத்தியருக்கும் இடையிலுள்ளது.

கொடுப்பது ஒரு பக்கம். தேவையைக் குறைப்பது மறுபக்கம். இன்றைய இரத்தமாற்று மருத்துவம் இதைத்தான் அழுத்திச் சொல்கிறது: தேவையில்லாமல் இரத்தம் ஏற்றாதே, இரத்தம் ஏற்ற வேண்டிய நிலைக்கு ஆளை வரவிடாதே.

டெங்கு காலத்தில் பாருங்கள். பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கியதும் குடும்பமே பதறி, "ஏன் இன்னும் ஏற்றவில்லை?" என்று வார்ட்டில் சண்டைக்குப் போகிறது. டெங்கில் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து அதிர்ச்சி நிலை ஏற்படுவதுதான். இரத்தப்போக்கு இல்லாதவருக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்து பிளேட்லெட் ஏற்றுவதை மருத்துவ வழிகாட்டல்கள் ஆதரிப்பதில்லை. வைத்தியர் ஏற்றாமல் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்றால் அதுவும் வைத்தியம்தான்.

அடுத்தது நமது பெண் பிள்ளைகள். இரத்தம் கொடுக்க 18 முதல் 60 வயதுக்குள், 50 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் போதிய அளவு இருக்க வேண்டும். முகாமுக்கு ஆசையோடு வரும் சகோதரிகள் பலர் இந்தக் கடைசி நிபந்தனையில்தான் திரும்பிப் போகிறார்கள். அது அவர்களுடைய உடம்பு தரும் எச்சரிக்கை. இதே இரும்புச்சத்துக் குறைவோடு பிரசவத்துக்குப் போகும் தாய் கொஞ்சம் இரத்தம் இழந்தாலும் தாங்க மாட்டார். பாடசாலையில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையைப் பிள்ளைகள் குப்பைக்கூடையில் போடுவதை நாங்கள் வகுப்பறையில் காண்கிறோம். வயிற்றைப் பிரட்டுகிறது என்கிறார்கள். பெற்றோர்களே, பிள்ளையிடம் கேளுங்கள். சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தையும் மாற்றுங்கள். தேயிலை இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். முருங்கை இலைக்கும் பருப்புக்கும் மேல் தேசிக்காய் பிழிந்தால் சத்து நன்றாகச் சேரும்.

நிகாஹ் பேசும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்வது நம்மிடம் வழக்கம். தலசீமியா காவிகளுக்கு நோய் இருக்காது, பார்த்தால் தெரியவும் மாட்டாது. இருவரும் காவிகளானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் சந்தேகம் தெரிந்துவிடும், அதன் பிறகு உறுதிப்படுத்தலாம். சீதனம், மண்டபம், மெனு எல்லாம் மாதக் கணக்கில் பேசுகிறோம். இதைப் பேச ஒரு நாள் ஒதுக்க முடியாதா? காவி என்று தெரிந்த பிள்ளையைக் குறைந்தவராகப் பார்க்கும் ஊராக நாம் இருந்தால், யாரும் பரிசோதிக்க முன்வர மாட்டார்கள். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கிருக்கும்.

இரத்தம் கொடுப்பது மார்க்கத்தில் கூடுமா என்று இன்றும் சிலர் தயங்குகிறார்கள். 1988 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, இரத்தம், தோல் போன்று தானாகவே மீண்டும் உருவாகக்கூடியவற்றை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொடுப்பது ஆகும் என்று தீர்மானித்தது. கொடுப்பவர் பூரண தகுதியுடையவராக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. மேலும் சந்தேகமுள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

கடைசியாக, மாநாடு நடத்தும் நிபுணர்களிடமும் மரியாதையோடு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வுகள் ஆங்கிலத்தில் வாசிக்கப்படுகின்றன, அது உங்கள் துறைக்குத் தேவை. ஆனால் ஒவ்வொரு வருட மாநாட்டின் முடிவிலும் பொதுமக்களுக்குரிய விடயங்களை இரண்டு பக்கத்தில், நல்ல தமிழிலும் சிங்களத்திலும் தாருங்கள். வரும் வருடத்தில் எந்த மாதங்களில் தட்டுப்பாடு எதிர்பார்க்கப்படுகிறது என்ற நாட்காட்டி ஒன்றையும் சேர்த்துத் தாருங்கள். அதை ஜும்ஆவில் அறிவிக்கவும் பாடசாலைக் காலைக் கூட்டத்தில் வாசிக்கவும் நாங்கள் ஆள் தருகிறோம். எங்கள் மாணவர்கள் குருதிக் கூட்டங்களைப் பரீட்சைக்கு அழகாக எழுதுகிறார்கள். தங்கள் சொந்தக் கூட்டம் எதுவென்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பாடநூலுக்கும் வாழ்க்கைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை நீங்களும் நாங்களும் சேர்ந்தால் குறைக்கலாம்.

ஊர் மக்களே, கடைசியாக எப்போது இரத்தம் கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான்கு மாதம் தாண்டியிருந்தால், இன்றே போனில் ஒரு திகதியைக் குறித்து வையுங்கள். நமது பள்ளி நிர்வாகத்தினரும் கழகத்தினரும் இந்த இரண்டு அணி யோசனை பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம். அல்லாஹ் நம் எல்லோருடைய நற்செயல்களையும் ஏற்றுக்கொள்வானாக.