ஒரு பழைய ரயில் பாதையும் பொதுப் பணமும்

கூட்டு வியாபாரத்தில் கணக்குக் கொப்பியை யார் பார்ப்பது என்பதில்தான் முதல் மனஸ்தாபம் வரும். பிரித்தானியாவின் வேல்ஸிலும் ஒரு ரயில் பாதையால் அப்படியொரு மனஸ்தாபம் வந்தது.

வெல்ஷ் ஹைலண்ட் ரயில் பாதை 1923இல் திறக்கப்பட்டு 1937இல் மூடப்பட்டது. யுத்த காலத்தில் தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். அதை மீளப் போட ஆர்வலர்கள் 1964இல் ஒரு கம்பனி தொடங்கினார்கள். அயலில் ரயில் ஓட்டிய பெஸ்டினியோக் கம்பனியோ, போட்டிக்குப் பயந்து அந்தக் காணியைத் தன் பெயரை மறைத்து விலைபேசியது. குட்டு 1990இல் வெளிப்பட்டது. பிறகு மனம் மாறி, தானே பாதை போடுவதாகச் சொன்னது. 1993இல் பகிரங்க விசாரணை நடந்து, மறு வருடம் அமைச்சர் அதற்கே சார்பாக முடிவெடுத்தார். 1995இல் 43 இலட்சம் பவுண் பொது நிதியும் கிடைத்தது. (லொத்தர் காசுதான், அது வேறு கதை.)

மிகுதிப் பாதைக்கு மீண்டும் விசாரணை. பாதையோர விவசாயிகள் எதிர்த்தார்கள். அனுமதி 1999இல்தான் வந்தது. வீண் தாமதம் என்று நம்மில் பலர் சொல்வோம். நான் அப்படி நினைக்கவில்லை. பொறுப்பு ஒரே கையில் இருந்ததால்தான் 2011இல் 40 கிலோமீற்றரும் முடிந்தது, அது உண்மை. ஆனால் ஒருமுறை மறைவாக விலைபேசிய கை அது. கேள்வி கேட்க ஆளில்லாமல் அதனிடம் ஊர்ப் பணத்தை யார் ஒப்படைப்பார்?