கோடு விடத் தெரியாத கருவி

"டாக்டர் பேசினால் போதும், எழுதுவதைக் கருவி பார்த்துக்கொள்ளும்." ஹைதராபாத்தில் இந்த வாசகத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. தெலங்கானா அரசு 2020-ஐச் செயற்கை நுண்ணறிவு ஆண்டாக அறிவித்ததிலிருந்து கருத்தரங்குகளிலும் டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதுவே பல்லவி. 2024 செப்டம்பரில் இங்கே உலகச் செயற்கை நுண்ணறிவு மாநாடு நடந்தபின் பல்லவி இன்னும் உரத்தது. 2025 மே மாதம் நிலோஃபர் அரசுக் குழந்தைகள் மருத்துவமனையில், ஊசி குத்தாமல் முகத்தைப் படம்பிடித்தே ரத்த விவரம் சொல்லும் கருவி அறிமுகமானது. அதன்பிறகு, டாக்டரின் பேச்சைக் கேட்டுக் குறிப்பெழுதும் கருவியை விற்க எங்கள் கிளினிக்குக்கு வந்த பிரதிநிதி, "நிலோஃபருக்கே வந்துவிட்டது, உங்களுக்கு என்ன தயக்கம்?" என்றார்.

தயக்கம் என்ன என்று சொல்கிறேன். செகந்தராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் 12 ஆண்டுகளாகப் பதிவுகளைக் கவனித்து வருகிறேன். அதற்கு முன் 9 ஆண்டுகள் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமீர்பேட்டில் பயிற்சி எடுத்து, அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்ததை இரவெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்த தலைமுறை எங்களுடையது. பேச்சு மருத்துவக் குறிப்பாக மாறும் வழியில் எங்கெங்கே சறுக்கும் என்பது என் விரல்களுக்குத் தெரியும். இந்தக் கருவியை விற்பவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாதம்: "டாக்டர் இனிமேல் திரையைப் பார்க்காமல் குழந்தையின் முகத்தைப் பார்ப்பார்." எங்கள் டாக்டர் இப்போதும் குழந்தையின் முகத்தைத்தான் பார்க்கிறார், கையில் பேனாவும் ஒற்றைத் தாளும் இருக்கின்றன. திரையோடு மல்லுக்கட்டுவது அமெரிக்க மருத்துவமனைகளின் நோய். நம்முடைய நோய் கூட்டம். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் 'பி.எம்.ஜே. ஓப்பன்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு நோயாளிக்குச் சராசரியாக ஸ்வீடனில் 22.5 நிமிடம் கிடைக்கிறது, வங்கதேசத்தில் 48 நொடி. நம் நாட்டில் ஏறத்தாழ 2 நிமிடம். எழுதும் நேரத்தை மிச்சப்படுத்தினால் அந்த இடத்தில் அடுத்த குழந்தை வந்து உட்காரும், அவ்வளவுதான்.

இரண்டாவது: "99 சதவிகிதம் துல்லியம்." டிரான்ஸ்கிரிப்ஷனில் எங்களுக்கும் 98 சதவிகிதம் என்ற இலக்கு இருந்தது. ஆனால் எல்லாப் பிழைக்கும் ஒரே எடை கிடையாது. ஓர் அறிக்கையில் எழுத்துப்பிழை நாலைந்து இருந்தாலும் கடந்து போகலாம்; மருந்தின் அளவு ஒன்று தவறினால் அறிக்கை மொத்தமும் தோல்வி. குழந்தை மருத்துவத்தில் எல்லாமே அளவு. 8 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் பாராசிட்டமால் 120 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது சரியாக 5 மில்லி. டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது. அதில் கொடுக்க வேண்டியது 1.2 மில்லிதான். 'சிரப்' என்ற ஒரு சொல் 'டிராப்ஸ்' என்று மாறினால் குழந்தையின் வயிற்றில் இறங்குவது 500 மில்லிகிராம். நூறு சொல்லில் ஒரு சொல்தான் தவறியது என்று அந்தத் தாயிடம் யார் போய்ச் சொல்வது?

மூன்றாவது: "எல்லா இந்திய மொழியும் அதற்குத் தெரியும்." ஹைதராபாத்தில் மொழிகள் தனித்தனியாக வருவதில்லை. அம்மா தெலுங்கில் தொடங்குவார், மாமியார் தக்கனி உருதுவில் குறுக்கிடுவார், டாக்டர் ஆங்கிலத்தில் கேட்பார். தெலுங்கில் 'ஜலுபு' என்றால் சளி. உருதுவில் 'ஜுலாப்' என்றால் லூஸ் மோஷன். ஒன்றுக்கு மூக்கில் உப்புநீர்ச் சொட்டு போதும். மற்றதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் 14 நாள் துத்தநாக மருந்தும் வேண்டும். பக்கத்து அறையில் இன்னொரு குழந்தை அலறும்போது இந்த இரண்டு சொல்லையும் பிரித்தறிவது, 21 ஆண்டுகள் காதால் பிழைத்த எனக்கே சிரமம். சந்தேகம் வந்தால் நான் அந்தத் தாயிடம் திரும்பக் கேட்பேன். கருவி கேட்பதில்லை.

நான்காவது வாதம்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிறது: "தவறு இருந்தால் டாக்டர் சரிபார்த்துவிடுவாரே!"

டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி: ஊகிக்காதே, கோடு விடு. சொல் காதில் விழவில்லையா, விழுந்தும் சந்தேகமா, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒலிப்பதிவின் நிமிடத்தையும் நொடியையும் குறிக்க வேண்டும். அது எடிட்டருக்குப் போகும். அவருக்கும் புரியாவிட்டால் தரப் பரிசோதகருக்கு. அவரும் கைவிரித்தால் பேசிய டாக்டருக்கே திரும்பும். வரிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கிய எங்களுக்குக் கோடு விடுவது நஷ்டம். ஆனாலும் விட்டோம். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு டாக்டர் சொன்ன மருந்தளவு 'ஃபிஃப்டீன்' ஆ, 'ஃபிஃப்டி' ஆ என்று பத்துப் பன்னிரண்டு முறை பின்னோட்டிக் கேட்டேன். இரண்டாகவும் கேட்டது. கோடு விட்டேன். அந்தக் கோடுதான் அந்த அறிக்கையில் நான் எழுதியவற்றிலேயே முக்கியமானது. 'இங்கே பாருங்கள்' என்று அது டாக்டரைக் கையைப் பிடித்து நிறுத்தியது.

இந்தக் கருவிகளுக்குக் கோடு விடத் தெரியவில்லை. காதில் விழாததையும் சரளமாக எழுதிவிடுகின்றன. இது என் கற்பனை இல்லை. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் 'விஸ்பர்' என்ற ஒலியெழுத்து மென்பொருளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 1 சதவிகித ஒலித்துண்டுகளில் யாருமே பேசாத சொற்றொடர்களையும் வாக்கியங்களையும் அது தானாகச் சேர்த்திருந்தது. அப்படிச் சேர்ந்தவற்றில் 38 சதவிகிதம் தீங்கு விளைவிக்கக்கூடியவை. பேச்சில் நீண்ட மௌனம் இருந்தவர்களின் பதிவுகளில்தான் இந்தப் பிழை அதிகம். அதே ஆண்டு அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட செய்தியையும் பாருங்கள். விஸ்பரை அடிப்படையாகக் கொண்டு 'நாப்லா' நிறுவனம் செய்த கருவியை லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனை உட்படப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். தரவுப் பாதுகாப்புக்காக மூல ஒலிப்பதிவை அது அழித்துவிடுகிறது. பிறகு எதை வைத்துச் சரிபார்ப்பது? எங்களிடம் நிமிடமும் நொடியும் இருந்தன. இங்கே திரும்பிப் போய்க் கேட்க ஒன்றுமே இல்லை.

மௌனத்தில் பிழை அதிகம் என்பதை மறுபடி நினைத்துப் பாருங்கள். குழந்தை மருத்துவத்தின் முக்கியமான வேலை மௌனத்தில்தான் நடக்கிறது. சளியும் மூச்சிரைப்புமாக வந்த குழந்தையை அம்மா மடியிலேயே வைத்து, சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி டாக்டர் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவார். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். அந்த ஒரு நிமிடம் அறையில் யாரும் பேசக்கூடாது. நெஞ்சுக்குழி உள்வாங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா என்பதையெல்லாம் டாக்டர் கண்ணால் பார்க்கிறார், வாயால் சொல்வதில்லை.

எங்கள் கிளினிக்கில் ஒரு கருவியை இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தோம். சனிக்கிழமை மாலை, வெளியே நாற்பது பேர். பத்து மாதக் குழந்தை. "பாபுக்கு ஜலுபு மேடம்" என்றார் அம்மா. டாக்டர் மூச்சை எண்ணினார், சீட்டில் 54 என்று எழுதினார், ஆன்டிபயாட்டிக் தொடங்கினார். அன்று இரவு கருவியின் குறிப்பைப் படித்தேன். வரிசை, தலைப்பு, நடை எல்லாம் எங்கள் பழைய எடிட்டரே மெச்சும்படி இருந்தன. உள்ளே, 'மூன்று நாளாக லூஸ் மோஷன்' என்று இருந்தது. 'நுரையீரல் தெளிவு, மூச்சு நிமிடத்துக்கு 32' என்றும் இருந்தது. 32 என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. கீழே டாக்டரின் ஒப்புதல் பதிவாகியிருந்தது. அவரைக் குறை சொல்லமாட்டேன். அறுபது குழந்தைகளைப் பார்த்து முடித்த கண்ணுக்கு, திருத்தமாக எழுதிய பக்கத்தில் எந்தச் சொல் பொய் என்று எப்படித் தெரியும்?

இரண்டு நாள் கழித்து குழந்தை திரும்ப வந்தது. அன்று வேறொரு டாக்டர் இருந்தார். எண்ணிப் பார்த்தார், 42. கையெழுத்துச் சீட்டின்படி 54-இலிருந்து 42-க்கு இறங்கியிருக்கிறது, மருந்து வேலை செய்கிறது. கருவியின் குறிப்பின்படி 32-இலிருந்து 42-க்கு ஏறியிருக்கிறது, நோய் முற்றுகிறது. குழந்தை ஒன்றுதான், எண்ணிய எண்ணும் ஒன்றுதான். எதை நம்புவது என்பதை அம்மாவின் கைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்த சீட்டு தீர்மானித்தது.

ஐந்தாவது, ரகசியம் பத்திரமாக இருக்கும் என்பது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகள். மருத்துவர்களுக்கு விதிகள் தரும் விலக்கு, குழந்தையின் உடல்நலத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு மட்டும்தான். குழந்தையின் அழுகுரலைச் சேர்த்துவைத்துக் கருவியைப் பழக்குவது அதில் வராது.

"அப்படியானால் கையால் எழுதிக்கொண்டே இருக்கச் சொல்கிறீர்களா?" என்று அந்தப் பிரதிநிதி என்னிடம் கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கேட்காத இடத்தில் கோடு விட உங்கள் கருவிக்குக் கற்றுக்கொடுங்கள். கோட்டின் பக்கத்தில் நிமிடமும் நொடியும் போடட்டும். டாக்டர் கையெழுத்திடும்வரை ஒலிப்பதிவு அழியாமல் இருக்கட்டும். ஓர் இரவுப் பணிக்காரி செய்ததை அது செய்யும் நாளில் நானே டாக்டரின் மேஜையில் கொண்டுபோய் வைக்கிறேன். அதுவரை 54 என்பதை டாக்டரே எழுதட்டும்.