கோழிச் சாவைத் தடுக்க முடியும்

"கோழியெல்லாம் இரண்டே நாளில் செத்துப்போய்விட்டன." வெளிமாநிலங்களில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஊரிலிருந்து அடிக்கடி வரும் செய்தி இது. "சீக்கு வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம். ஆனால், பஞ்சாரத்தில் பத்துக் கோழி வைத்திருக்கும் தாய்க்கு அதுதான் கைப்பணம். மகன் அனுப்பும் பணம் வந்து சேரும்வரை மருந்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் உதவுவது அந்தக் கோழிகளே. அவை ஒரேயடியாகச் சாவது சிறிய நஷ்டம் அல்ல.

நம் மக்கள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் நோய் இது. 1926-ம் ஆண்டில் ஜாவாவிலும், இங்கிலாந்தில் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத்தில் காணப்பட்டதால், இந்தியாவில் ராணிகேத் நோய் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்த நோயை உண்டாக்கும் வைரஸ் கிருமி ஒன்றுதான். ஆனால் அதன் எல்லா வகைகளும் ஒரே அளவு கொடியவை அல்ல. சாதுவான வகை, நடுத்தர வகை, கொடிய வகை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். கருவுற்ற முட்டைக்குள் செலுத்தினால், கொடிய வகை 60 மணி நேரத்துக்குள் கருவைக் கொன்றுவிடும். நடுத்தர வகைக்கு 60 முதல் 90 மணி நேரம் ஆகும். சாதுவான வகைக்கு அதற்கும் மேல் ஆகும்.

வேறுபாட்டின் காரணம் கிருமியின் மேலுறையில் இருக்கிறது. சாதுவான கிருமி கோழியின் மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டுமே பெருக முடியும். கொடிய கிருமியோ மூளை உட்பட எல்லா உறுப்புகளிலும் பெருகும். அதனால்தான் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சுத் திணறல், கால் இறக்கை வாதம், கழுத்து திருகிக் கொள்ளுதல் எல்லாம் ஏற்படுகின்றன. தடுப்பு மருந்து போடாத கோழிகளில் நூற்றுக்கு நூறும் சாவது உண்டு. நோய் வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது.

சாதுவான கிருமிதானே என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 1998-ம் ஆண்டு முதல் ஏற்பட்ட கோழிச் சாவுக்குக் காரணம், அந்நாட்டிலேயே இருந்த சாதுவான கிருமி மாறிக் கொடியதானதுதான் என்று கண்டுபிடிக்கப்பட்டது.

அதே சமயம், கிருமியையே மருந்தாக்கவும் விஞ்ஞானம் வழி கண்டிருக்கிறது. குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடுவது சாதுவான வகை. எட்டு வார வாக்கில் இறக்கையில் ஊசியாகப் போடுவது நடுத்தர வகை. இது முக்தேசுவரம் ஆராய்ச்சி நிலையம் தந்தது. இளங்குஞ்சுக்கு இந்த ஊசியைப் போட்டால் அதுவே நோயாகிவிடும். ஆகவே வயது பார்த்துப் போட வேண்டும்.

தமிழக அரசு ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தி வருவது பாராட்டத்தக்கது. கோடை தொடங்குமுன் போடுவதே பயன் தரும். ஆனால் ஒரு குப்பி மருந்து பல கோழிகளுக்கு உரியது. குளிரில் வைத்திருக்க வேண்டும். கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். நான்கு கோழி வைத்திருப்பவர் தனியே வாங்கிக் கட்டாது. எனவே குறைந்த அளவுக் குப்பிகள் தாராளமாகக் கிடைக்கவும், முகாம் கடைசிக் குக்கிராமத்தையும் எட்டவும் அரசுகள் ஆவன செய்ய வேண்டும். பெரிய பண்ணைகளுக்கு உள்ள வசதி, புறக்கடையில் கோழி வளர்க்கும் ஏழைக்கும் கிடைப்பதே நியாயம்.

மக்களுக்கும் பொறுப்பு உண்டு. நோய் கண்ட கோழியை அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடுவது அடுத்த ஊருக்கு நோயை அனுப்புவதாகும். செத்த கோழியைக் குளத்திலோ குப்பையிலோ எறியாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும். எல்லாம் வெள்ளைக்கழிச்சல்தான் என்று தாங்களே முடிவு கட்டவும் கூடாது. மனிதர் உயிரையே பறிக்கக்கூடிய பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். 2006-ம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் நவாப்பூரில் கோழிகள் செத்தபோது, போபால் ஆய்வுக்கூடச் சோதனைதான் அது பறவைக் காய்ச்சல் என்று காட்டியது. கூட்டமாகக் கோழிகள் செத்தால் கால்நடை மருத்துவருக்குத் தகவல் தர வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, பணம் வந்ததா என்று கேட்பதோடு, கோழிக்கு ஊசி போட்டாயிற்றா என்றும் நம்மவர்கள் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி ஒரு பஞ்சாரத்தைக் காப்பாற்றும்.