தெப்பத்தில் ஒரு ரேடியோ

உச்சிப் பிள்ளையார் கோயிலில் நின்று வடக்கே பார்த்தால் காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் தெரியும். திருவானைக்காவலில்தான் 1888-ம் வருஷம் ஸர் சி. வி. ராமன் பிறந்தார். அவர் 1948-ல் பெங்களூரில் ஸ்தாபித்த ஆராய்ச்சி நிலையத்தார் செய்த ஒரு காரியத்தை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பிரபஞ்சம் தோன்றிச் சுமார் 1,380 கோடி வருஷங்கள் ஆகின்றன. முதல் 3,80,000 வருஷங்களில் சூடு தணிந்து, தனித்தனியே அலைந்த புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் கூடி ஹைட்ரஜன் வாயு ஆயின. பிறகு வெகுகாலம் ஒரே இருள். அப்புறம் முதல் நட்சத்திர மண்டலங்கள் பிறந்தன. அவற்றின் அல்ட்ரா வயலட் கிரணங்கள் பட்டதும் கூடியிருந்த எலெக்ட்ரான்கள் மறுபடியும் பிரிந்தன. மண்டலங்களைச் சுற்றிப் பிரிந்த வாயு குமிழி குமிழியாகப் பெருத்து, ஏறக்குறைய 100 கோடி வருஷத்துக்குள் ஆகாசமெங்கும் பரவிற்று.

அந்தக் கிரணம் தன் மண்டலத்து வாயுவைத் தாண்டி வெளியே வருமா என்று கேட்கலாம். நமது ஆஸ்ட்ரோசாட் செயற்கைக் கோளைக் கொண்டு, புனாவைச் சேர்ந்த கனக் சாஹா குழுவினர், 930 கோடி ஒளி வருஷத்துக்கு அப்பால் ஒரு மண்டலத்திலிருந்து அது தப்பி வந்திருப்பதை 2020-ல் கண்டார்கள்.

ஆனால் அந்த ஆதி காலத்தையே எப்படி அறிவது? பிரியாத ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையை விழுங்கும், வெளியிடவும் செய்யும். பிரபஞ்சம் விரிய விரிய அந்த அலையும் நீண்டு, எப். எம். ஒலிபரப்புக்கு அண்டையில் நம்மிடம் வந்து சேர்கிறது. அதன் சுவடு மேற்கு ஆஸ்திரேலியாவில் வைத்த கருவிக்குக் கிடைத்ததென்று 2018-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கு மேல் ஆழமான சுவடு! மெய்யானால் பௌதிக சாஸ்திரத்தையே திருத்த வேண்டியதுதான்.

ராமன் நிலையத்தார் தாங்களே பார்த்துவிடுவதென்று தீர்மானித்தார்கள். தரையில் வைத்தால் அடியிலுள்ள மண்ணும் பாறையும் ஒரே சீராயிராமல் ஏரியலை ஏமாற்றும். தண்ணீரோ எங்கும் ஒரே தன்மையுடையது. ஆகவே 'சாரஸ்' என்னும் கருவியை 2020 ஆரம்பத்தில் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் தெப்பத்தில் மிதக்கவிட்டார்கள். தெப்போற்சவம் பார்த்துப் பழகிய திருச்சிக்காரர்களுக்கு இந்த யுக்தி ரொம்பப் பிடிக்கும்!

முடிவு 2022 பிப்ரவரியில் வெளியாயிற்று: அந்தச் சுவடு வானத்திலிருந்து வந்ததல்ல, உறுதி 95 சதவிகிதத்துக்கு மேல். 'இல்லை' என்னும் சேதிக்குப் பத்திரிகைகள் கொட்டை எழுத்துத் தலைப்புக் கொடுப்பதில்லை. இதற்குக் கொடுத்திருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம். அதே வருஷம் நவம்பரில் அவர்கள் மேலும் ஒன்று சொன்னார்கள்: பிரபஞ்சத்துக்கு 20 கோடி வயதாயிருந்தபோது எரிந்த மண்டலங்கள், சிலர் ஊகித்ததுபோல் அத்தனை உரக்க ரேடியோ அலை வீசியிருக்க முடியாது.